ஏழாம் பத்தி

"ஐந்து. அரசுத் தரப்பு இரண்டாம் சாட்சி பொன்னுலிங்கம், பிறப்பு இறப்புப் பதிவாளராகப் பணிபுரிபவர், தமது சாட்சியத்தில்" என்று மாஜிஸ்டிரேட் ஐயா கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பைச் சொல்லிக்கொண்டே போகிறார், என் கை அதுபாட்டுக்கு ஓடுகிறது, மெல்லிய கோடு, தடித்த கோடு, ஒரு கொக்கி, ஒரு புள்ளி, இருபத்தெட்டு வருஷமாக இந்த மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் சுருக்கெழுத்தர் சங்கரவடிவு செய்கிற வேலை இதுதான், காது வாங்கும், கை எழுதும், நடுவில் இருக்கிற மனுஷி வெளியே போய்விட வேண்டும். எழுதும்போது அர்த்தம் உள்ளே வரக் கூடாது என்பது என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் சார் சொன்னது, வந்தால் கை தடுக்கும் என்பார், அர்த்தம் எல்லாம் பிறகு உட்கார்ந்து டைப் அடிக்கும்போது வரட்டும். அப்படித்தான் வந்துகொண்டும் இருந்தது, மணல் லாரிக்காரனுக்கு ஆறு மாசம் என்பதும் சங்கிலி அறுத்தவனுக்கு இரண்டு வருஷம் என்பதும் எனக்கு டைப் அடிக்கும்போதுதான் தெரியும், தெரிந்ததும் ஐயோ பாவம் என்றோ நல்லா வேணும் என்றோ ஒரு வார்த்தை மனசுக்குள் சொல்லிவிட்டு அடுத்த தாளைச் செருகுவேன். இன்றைக்கு மட்டும் அர்த்தம் வாசலிலேயே நிற்கிறது. மணி ஒன்றே முக்கால். சாப்பாட்டு இடைவேளை, என் டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சோறு அப்படியே இருக்கிறது, மூன்று மணிக்குக் கோர்ட் கூடியதும் இந்தத் தீர்ப்பைத்தான் முதலில் வாசிக்கப் போகிறார். வாசித்தால் இசக்கிராணி உள்ளே போவாள், மூன்று வருஷம் வரைக்கும் போடலாம் என்று பிரிவு சொல்கிறது, எவ்வளவு என்பதை அவளைக் கேட்டுவிட்டுச் சொல்வதற்காக ஐயா அந்த இடத்தை வெறுமையாக விடச் சொல்லியிருக்கிறார்.

இசக்கிராணி என்று நான்தான் சொல்கிறேன், தீர்ப்பில் அந்தப் பெயர் முதல் பக்கத்தோடு சரி, அப்புறம் எல்லாம் எதிரி, எதிரி. குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டுத் தமிழில் எதிரி என்றுதான் எழுதுவோம், யாருக்கு எதிரி என்று நான் யோசித்ததே கிடையாது. காலையில் வராந்தாக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனபோது எதிரி அங்கே முகம் கழுவிக்கொண்டிருந்தாள். முப்பது வயசு இருக்காது, ஒடிசல், தோளில் ஒரு துணிப்பை, பையின் வாய் வழியாக ஒரு துண்டும் பேஸ்ட்டும் தெரிந்தது. தீர்ப்பு நாளன்று பையோடு வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், வக்கீல்தான் எடுத்து வரச் சொல்வார், சொல்லும்போதே சும்மா ஒரு முன்னெச்சரிக்கைக்கு என்பார். "யக்கா, அய்யா எழுதியாச்சாக்கா?" என்று கேட்டாள். சுருக்கெழுத்தரிடம் கேட்டால் தெரியும் என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு. நான் எல்லாரிடமும் சொல்வதைத்தான் சொன்னேன், "எனக்குத் தெரியாதும்மா." பாட்டிலில் தண்ணீர் நிரம்பி வழிந்து என் சேலை நனைந்தது, அதைச் சாக்காக வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை, அப்போது நிஜமாகவே தெரியாது. இப்போது தெரிகிறது, ஐந்தாவது பத்தியிலேயே தெரிகிறது, பொன்னுலிங்கத்தின் சாட்சியம் இயல்பாகவும் நம்பத்தகுந்ததாகவும் உள்ளது என்று ஐயா சொல்கிறபோதே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று புரிந்துவிட்டது.

நடந்தது இவ்வளவுதான், நான்தான் எல்லாச் சாட்சியத்தையும் டைப் அடித்தேன், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நகராட்சியில் பிறப்பு இறப்புப் பிரிவு, பொன்னுலிங்கம் பதிவாளர், இசக்கிராணி ஒப்பந்தத்துக்கு வந்த கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஒரு வெள்ளிக்கிழமை ஒரு பெண் கைக்குழந்தையோடு வருகிறாள், குழந்தைக்கு இருதயத்தில் ஓட்டை, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை சேர்க்க வேண்டும், காப்பீட்டுத் திட்டத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். விண்ணப்பத்தை ஏற்றுவது இசக்கிராணி வேலை, அதை ஒப்புக்கொள்வது பொன்னுலிங்கம் வேலை, அவருடைய பெயரில், அவருடைய கடவுச்சொல்லில். அவர் சீட்டில் இல்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது, ஆள் தன் அக்கா பேரன் காதுகுத்துக்குக் குலதெய்வம் கோயிலுக்குப் போயிருந்தார் என்கிறாள் இவள், இல்லை ஆபீஸில்தான் இருந்தேன் என்கிறார் அவர். இவள் போன் போட்டிருக்கிறாள், நாற்பத்தேழு விநாடி பேசியதற்குக் கம்பெனிக் கணக்கு இருக்கிறது, "போட்டு விடும்மா, எப்பவும் போடுறதுதானே" என்று அவர் சொன்னதாக இவள் சொல்கிறாள், அதற்குக் கணக்கு இல்லை. இவள் அவர் பெயரில் உள்ளே போய்ப் போட்டுவிட்டாள். சான்றிதழ் போனது, குழந்தையும் சென்னைக்குப் போனது, அறுவைச் சிகிச்சையும் ஆனது. ஆறு மாசம் கழித்து அந்தப் பெண்ணின் புருஷன், பிரிந்து போனவன், என் பெயரை யாரைக் கேட்டுத் தகப்பன் என்று போட்டீர்கள் என்று மனுக் கொடுக்கிறான். யார் ஒப்புக்கொண்டது என்று மேலேயிருந்து கேட்கிறார்கள். நான் இல்லை என்கிறார் பொன்னுலிங்கம், நான்தான் போடச் சொன்னேன் என்றால் காதுகுத்து வெளியே வரும். நான் இல்லை என்றால் யாரோ என் கடவுச்சொல்லைத் திருடியிருக்க வேண்டும். யார்? பக்கத்து நாற்காலி. தகவல் தொழில்நுட்பச் சட்டம், அறுபத்தாறு சி, மற்றவருடைய கடவுச்சொல்லை நேர்மையற்ற முறையில் பயன்படுத்துதல். ஒரு பிள்ளைக்கு ஒரு தாள் கொடுத்ததில் நேர்மையின்மை எங்கே இருக்கிறது என்று நான் கேட்கக் கூடாது, நான் காதும் கையும்.

"ஆறு" என்கிறார். ஆறு எழுதுகிறேன். கை எழுதுகிறது, கண் என்னவோ ஐயாவின் தலைக்குப் பின்னால் ஓரத்து மேசையில் இருக்கிற கம்ப்யூட்டருக்குப் போகிறது, அது என் மேசை, அது ஐயாவின் கம்ப்யூட்டர். தினமும் சாயங்காலம் அன்றைய உத்தரவுகளையெல்லாம் கோர்ட்டின் தளத்தில் ஏற்ற வேண்டும், மாஜிஸ்டிரேட் தம்முடைய பெயரில் உள்ளே போய் ஏற்ற வேண்டும் என்று சுற்றறிக்கை இருக்கிறது, அதை டைப் அடித்து ஒட்டினதும் நான்தான். ஐயா வந்த முதல் நாள் சாயங்காலம் நான் போய்க் கேட்டேன், பாஸ்வேர்டு வைக்கணும்ங்கய்யா. ஏதோ ஜாமீன் மனுவைப் படித்துக்கொண்டிருந்தார், "நீங்களே ஒண்ணு வெச்சுக்குங்கம்மா" என்றார், கோயம்புத்தூர்ப் பக்கத்து மரியாதை, ஒரு வார்த்தை அதிர்ந்து பேச மாட்டார். நானே ஒன்று வைத்துக்கொண்டேன். மூன்று மாசத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி அது கழுத்தைப் பிடிக்கும், பழையதை ஒத்துக்கொள்ளாது, அதனால் எனக்கு மறக்காத வரிசை ஒன்று வேண்டியிருந்தது, மீன் பெயர்களாக வைத்தேன். முதலில் சீலா. அப்புறம் விளமீன், பாறை, ஊளி, நகரை. இப்போது நெத்திலி, ஓர் எண், ஒரு குறி. ஐயா முட்டைகூடத் தொடாதவர், எங்கள் கடற்கரை ஊருக்கு வந்து இந்த ஒன்றரை வருஷமாகக் கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பொத்துகிறவர், அவருடைய ஒவ்வொரு உத்தரவும் ஒரு மீனின் பெயரைச் சொல்லித்தான் வெளியே போகிறது. இதை நினைத்துப் பல சாயங்காலம் எனக்குள் சிரித்திருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை, வீட்டுக்காரரிடம் மட்டும் ஒரு நாள் சொன்னேன், அவர் சோற்றில் புரை ஏறச் சிரித்தார். குற்றம் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. ஊரெல்லாம் இப்படித்தான், தாலுகா ஆபீஸில் இப்படித்தான், பத்திரப் பதிவில் இப்படித்தான், பெரியவர்களுக்கு மவுஸ் பிடிக்க நேரம் இல்லை, சின்னவர்களுக்கு மறுக்க வாய் இல்லை.

"ஏழு" என்றார். கொஞ்சம் யோசித்தார். இந்த இடத்தில் அவருக்கு ஒரு நல்ல வாக்கியம் கிடைத்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது, நல்ல வாக்கியம் வரும்போது அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். "பொறுப்புள்ள பதவியில் உள்ள எந்த ஓர் அலுவலரும் தமது கடவுச்சொல்லைத் தமக்குக் கீழ்ப் பணிபுரியும் ஊழியரிடம் ஒப்படைப்பார் என்பது மனித இயல்புக்கு முற்றிலும் முரணானது ஆகும். எனவே, அரசுத் தரப்பு இரண்டாம் சாட்சி தமது கடவுச்சொல்லை எதிரிக்கு வழங்கினார் என்ற எதிரித் தரப்பு வாதம்..." என் பென்சில் நின்றுவிட்டது. மனித இயல்புக்கு என்ற இடத்தில் நின்றது. முரண் என்பதற்கு எனக்கு ஒரு கோடு உண்டு, வலம் சாய்ந்து இறங்கும், அது வரவில்லை. ஐயா கண்ணைத் திறந்தார். "என்னாச்சுங்கம்மா, வேகமாப் போறேனா?" இல்லைங்கய்யா, முனை மழுங்கிருச்சு என்றேன். வேறு பென்சில் எடுத்தேன். முனை மழுங்கவில்லை. அவர் பொறுமையாக மறுபடியும் சொன்னார், முதல் தடவையைவிட அழகாக, நான் எழுதினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனுஷன் பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை, மனசாரத்தான் சொல்கிறார், தாம் அப்படிச் செய்திருப்பதாக அவருக்குத் தெரியவே தெரியாது. ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம் தலையைத் தூக்காமல் சொன்ன ஒரு வார்த்தையை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

பொன்னுலிங்கமும் அப்படித்தானோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது, இல்லை, அந்த ஆளுக்குத் தெரியும். கூண்டில் நின்றதை நான் பார்த்தேன். இசக்கிராணியின் வக்கீல் கேட்டார், அந்தச் சமயத்தில் உங்கள் பாஸ்வேர்டு என்ன, இப்போது மாறிவிட்டதுதானே, சொல்லலாமே. மறந்தவன் யோசிப்பான், நெற்றியைச் சுருக்குவான், வாயில் முணுமுணுப்பான். அந்த ஆள் யோசிக்கவே இல்லை, பின்கழுத்தைச் சொறிந்தார், கண் நேரே இசக்கிராணியிடம் போனது, ஆபீஸில் ஃபைல் எங்கே என்று கேட்க ஆபரேட்டரைப் பார்ப்பதுபோல. அப்புறம் சட்டென்று திரும்பிக்கொண்டு "நினைவில்லை" என்றார். நான் நினைவில்லை என்று டைப் அடித்தேன். சொறிந்ததும் பார்த்ததும் சாட்சியத்தில் ஏறாது, வாயிலிருந்து வருவதுதான் ஏறும். ஐயா அப்போது குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த ஆளுக்கு அது ஒருநாளும் தெரிந்திருந்ததில்லை, அதை வைத்தவளே இவள்தான், என்னைப் போல ஏதோ ஒரு வரிசை இவளுக்கும் இருந்திருக்கும், பூவோ, அண்ணன் தம்பி பெயரோ. அவரிடம் இல்லாததை அவரிடமிருந்து யார் எப்படித் திருட முடியும். மூன்று வாரமாக இது எனக்குத் தெரியும். மூன்று வாரமாக வாயைத் திறக்கவில்லை. திறந்து என்ன சொல்வது, எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது? நானும் அதைத்தான் செய்கிறேன் என்றா? வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிடும். அறுபத்தாறு சி எனக்கும் உண்டு, மெமோ உண்டு, ஓய்வு பெற நாலு வருஷம் இருக்கிறது, மகளுக்கு இப்போதுதான் ஐந்தாம் மாசம். ஐயா பெயரும் நாறும், அவர் என்ன பாவம் செய்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் வீடு போய்ச் சேரலாம். இருபத்தெட்டு வருஷமும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன்.

"எட்டு" வந்தது, "ஒன்பது" வந்தது, குற்றம் சந்தேகத்திற்கிடமின்றி நிரூபிக்கப்பட்டுள்ளது என்று வந்தது. அந்த வாக்கியம் அடிக்கடி வருவதால் அதற்கு நானே ஒரு சுருக்கம் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன், ஒரே ஒரு கொக்கி, கீழே ஒரு புள்ளி, மூன்று வார்த்தையும் அதற்குள் அடக்கம். புதிதாக வருகிற ஸ்டெனோ பிள்ளைகளிடம் பெருமையாகக் காட்டுவேன். கொக்கியைப் போட்டேன். புள்ளியை வைக்கவில்லை. வைக்காவிட்டாலும் டைப் அடிக்கும்போது வரத்தான் போகிறது. ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டார், "அவ்ளோதானுங்க. மூணுக்குள்ள அடிச்சுக் குடுத்துருவீங்களா?" என்றார். தருவேன் என்றேன். எழுந்தேன், முழங்கால் மளுக் என்றது. "அதுக்கு முன்னாடி, காலைல குடுத்தனே அந்தப் பெயில் ஆர்டர், அதை ஏத்தீட்டீங்களா? நாலு மணிக்குள்ள ஜெயிலுக்குப் போகலீன்னா அந்தப் பையனை இன்னிக்கு விடமாட்டாங்க." ஏற்றவில்லை. காலையிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் போகவே எனக்குக் கை வரவில்லை, இப்போதுதான் அது எதனால் என்று தெரிகிறது. போய் உட்கார்ந்தேன். திரையில் ஐயாவின் பெயரும் பதவியும் முழுசாக இருக்கிறது, அதற்குக் கீழே வெள்ளைக் கட்டம், கட்டத்துக்குள் ஒரு கோடு அணைந்து அணைந்து எரிகிறது. நெத்திலி. விரல்களுக்கே பாடம், நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாலும் அடித்துவிடும். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். ஜன்னல் வழியாக வராந்தா பெஞ்சில் அவள் பை தெரிந்தது, அவள் தெரியவில்லை, பைமேல் வைத்திருந்த கை மட்டும் தெரிந்தது. யக்கா, அய்யா எழுதியாச்சாக்கா. ஆச்சும்மா. நான்தான் எழுதினேன். ஐயா பக்கம் திரும்பினேன்.

"ஐயா, பாஸ்வேர்டு கேக்குது."

"போடுங்கம்மா" என்றார், காகிதத்திலிருந்து தலை தூக்கவில்லை, அதே சாயங்காலம் மாதிரியே.

"நீங்கதான் போடணும்ங்கய்யா."

ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டுதான் எழுந்து வந்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன், அவர் உட்கார்ந்தார், சட்டைக் கையைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு ஆள்காட்டி விரலையும் எழுத்துகளுக்கு மேலே கொண்டுபோனார், விரல்கள் அங்கேயே நின்றன. ஓர் எழுத்தின் பக்கம் போயின, திரும்பி வந்தன. மேலே காற்றாடி கடகடவென்று சுற்றுகிறது. அவர் பின்கழுத்தைச் சொறிந்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். "எனக்கு ஞாபகம் இல்லீங்களே" என்றார்.

சொல்லிவிட்டார். அவர் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும், ஏனென்றால் திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. பாதிக் கிணறு தாண்டியாயிற்று, இனி நிற்க முடியாது. "ஞாபகம் இருக்க முடியாதுங்கய்யா. உங்களுக்கு அது தெரியவே தெரியாது. நீங்க வந்த அன்னைக்கு என்னை வச்சுக்கச் சொன்னீங்க, நான்தான் வச்சேன். ஒன்றரை வருஷமா நான்தான் உங்க பேர்ல போடுறேன்" என்றேன். அவ்வளவு நீளமாக நான் அந்த அறையில் பேசியதே கிடையாது. திட்டுவார் என்று நின்றேன். மெமோ என்று சொல்வார், வெளியே போங்க என்று சொல்வார். அவர் அந்த வெள்ளைக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், காது மட்டும் சிவந்திருந்தது. வராந்தாவில் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு போகிற சத்தம் வந்து போனது. "அந்தப் பையன் வெளிய வரணும்" என்றார் கடைசியில், குரல் தாழ்ந்திருந்தது. "அது என்னன்னு சொல்லுங்க." சொன்னேன். முதல் எழுத்து பெருசுங்கய்யா என்றேன். முட்டை தொடாத மனுஷன் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி என் மீனை அடித்தார், தளம் திறந்தது, ஜாமீன் உத்தரவை அவரே ஏற்றினார், நான் பக்கத்தில் நின்று எங்கே தட்டுவது என்று மட்டும் காட்டினேன். வாசலில் நிற்கிற டவாலி கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்து, "ஐயா, வக்கீலுங்க வந்துட்டாங்க, மூணாகப் போகுது" என்றார். "அரை மணி ஆகும்னு சொல்லுங்க" என்றார் ஐயா.

பிறகு தம் நாற்காலிக்குப் போகாமல், என் நாற்காலியிலேயே உட்கார்ந்தபடி, "பொன்னுலிங்கத்தோட குறுக்கு விசாரணையை எடுங்கம்மா" என்றார். எடுத்தேன். "பாஸ்வேர்டு என்னன்னு கேட்டதுக்கு என்ன சொல்லீருக்கார்?" பக்கம் தேட வேண்டியிருக்கவில்லை. "நினைவில்லை" என்று வாசித்தேன். ஐயா கண்ணாடியைக் கழற்றவில்லை, கண்ணையும் மூடவில்லை, ஜன்னல் வழியே அந்தப் பையையும் அந்தக் கையையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன், அல்லது ஒன்றையும் பார்க்கவில்லையோ என்னவோ. "புதுப் பக்கம் எடுங்க" என்றார். எடுத்தேன், நோட்டை முழங்காலில் அழுத்தி வைத்துக்கொண்டேன். "ஏழு" என்றார். "ஓர் அலுவலகத்தில் ஓர் அலுவலரின் கடவுச்சொல் அவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும் என இந்த நீதிமன்றம் அனுமானிக்க இயலாது. அரசுத் தரப்பு இரண்டாம் சாட்சி அதனை எக்காலத்திலேனும் அறிந்திருந்தார் என்பதையே அரசுத் தரப்பு மெய்ப்பிக்கவில்லை." மெதுவாகத்தான் சொன்னார். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, எழுதும்போதே அர்த்தம் புரிந்தும் என் கை தடுக்கவில்லை.